எல்கடுவ மலையில் ஒரு தரையிறக்கம்

மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து எல்கடுவவுக்குக் காலை ஏழேகாலுக்குப் புறப்பட வேண்டிய பஸ், எட்டு மணிக்குச் சற்று முன்னர்தான் அசைந்தது. 1997ஆம் ஆண்டு, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தூரம் ஏறத்தாழப் பத்து மைல். கட்டணம் ஏழு ரூபா ஐம்பது சதம். மாத்தளைக்கு வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகளாகியும் இந்தப் பாதையில் நான் போனதில்லை. மலையிலிருந்து நோயாளர்கள் என்னிடம் இறங்கி வருவார்கள். நான் அவர்களிடம் ஏறிப்போக ஒரு தேவை வந்தது அன்றுதான்.

கால் முறிந்தவர்களையும் பக்கவாதம் கண்டவர்களையும் மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. அறை வாசலில் இயன்மருத்துவர் என்று பலகை தொங்கும். வார்டில் எல்லோரும் 'நடை ஐயா' என்பார்கள். அன்று என் பையில் ஓர் அளவு நாடா, அடியில் இறப்பர் பொருத்திய கைத்தடி, மாற்றுச் சட்டை, கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலச் சஞ்சிகை ஆகியவை இருந்தன. சஞ்சிகையில் விண்வெளி நிலையத்தின் வண்ணப் படங்கள். அவற்றைக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தவர் பெயர் பார்வதி. எல்கடுவவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

பார்வதி முந்திய மழைக்காலத்தில், கொழுந்து நிறைந்த கூடையோடு கானில் வழுக்கி விழுந்தார். தேயிலை நிரைகளுக்கு நடுவே மழைநீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்காலைத்தான் தோட்டத்தில் கான் என்பார்கள். தொடை எலும்பு முறிந்தது. கட்டில் காலடியில் கப்பி பூட்டி, எடை தொங்கவிட்டு, மூன்று மாதம் மல்லாந்து கிடந்தார். எலும்பு பொருந்திவிட்டது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன நாளில் நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் வெளுத்து என் தோளிலேயே சாய்ந்துவிட்டார். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"எங் காலு எங்க ஐயா போச்சு? அடியில ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கே."

அவருக்கு விளக்கம் சொல்லத்தான் விண்வெளி வீரர்களை இழுத்தேன். அங்கே உடம்புக்கு எடை தெரியாது. தாங்க வேண்டிய சுமை இல்லாததால் கால் எலும்பு மெலியும், தசை வற்றும். பல மாதம் இருந்துவிட்டுப் பூமிக்கு வந்தால் நிற்க முடியாமல் மயக்கம் வரும். வாகனத்திலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இதை ஆராய்வதற்காகவே நல்ல உடல்நலம் உள்ளவர்களை வாரக்கணக்கில், தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்த கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்கிறார்கள். "நீங்கள் மூன்று மாதம் விண்வெளியில இருந்திட்டு இப்பதான் இறங்கியிருக்கிறீங்கள்" என்றேன்.

அவ்வளவுதான். பெண்கள் வார்டு முழுவதும் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நான் உள்ளே போனால் யாரும் வலியைப் பற்றிப் பேசுவதில்லை. குளிப்பது எப்படி? ஈரத் துவாயால் துடைத்துக்கொள்வார்கள். தண்ணீர் கீழே விழாது, உருண்டையாகத் திரியும். தலைமுடி? கட்டாவிட்டால் எல்லாத் திசையிலும் எழுந்து நிற்கும். சாப்பாடு? பாண் ஆகாது, தூள் பறந்து கருவிகளுக்குள் புகும், தட்டையான ரொட்டிதான். உப்பும் மிளகும் தண்ணீரில் கரைத்துத்தான். படுக்கை? சுவரோடு கட்டிய பைக்குள் புகுந்து, தங்களையும் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். தினமும் இரண்டு மணி நேரம், இறப்பர் வார்களால் உடம்பைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிக்கொண்டு, ஓடும் பட்டையில் நடப்பார்கள். அப்போதுதான் எலும்பு தாங்கும். பூமிக்கு இறங்குமுன் உப்பும் தண்ணீரும் குடிப்பார்கள். நின்றதும் மயங்காமல் இருக்க.

"சேல கட்டிக்கிட்டு போனா என்னாகும் ஐயா?" என்று மூலைக் கட்டிலிலிருந்து ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல விடாமல் வார்டே சிரித்தது. பார்வதி அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஊன்றுகோல் இரண்டோடு அவரை வீட்டுக்கு அனுப்பினோம். மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருந்தேன். ஒருமுறை இராணுவச் சுற்றிவளைப்பு, பாதை மூடியிருந்தது. அடுத்த முறை ஏன் வரவில்லை என்று தெரியாது. பிறகு அவர் கணவர் மருதை வந்தார். மாத்தளைச் சந்தையில் லொறிக்கு மூட்டை ஏற்றுபவர். வரும் திங்கட்கிழமை பார்வதி வேலைக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். மருதை தோட்டத்து ஆள் அல்லர். அவர்கள் இருக்கும் லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசைவீட்டின் ஓர் அறை, பார்வதியின் பெயரில் இருந்தது. பெயர் போனால் காம்பராவும் போகும்.

"நீங்க வந்து பாத்து, முடியும்னு தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதுங்க."

முடியும் என்று சொல்வது எளிது. நான் சொல்லி, அவர் மலையில் மறுபடி விழுந்தால் அந்த எலும்பு இரண்டாம் முறை பொருந்துமா? முடியாது என்று சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் அன்று நான் பயணம் செய்தேன்.

உக்குவளைக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து கடக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை அங்கே சற்று நேரம் கூடுதலாக வாசிப்பார்கள். இளம் சிப்பாய் ஒருவர் என் பையைத் திறந்து, அளவு நாடாவை நீட்டிப் பார்த்து, பிறகு சஞ்சிகையைப் புரட்டினார். சுவரில் கட்டிய பைக்குள் ஒருவர் தூங்கும் படத்தில் விரல் நின்றது. இது யார், எங்கே என்றார். சிங்களத்தில் சொன்னேன். அவர் படத்தை மற்றச் சிப்பாயிடம் காட்டி, "அங்கே இறங்கி நடக்கச் சொல்ல ஒருவரும் இல்லை, பார்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் அளவோடு சிரித்தேன். பை திரும்பி வந்தது.

உக்குவளையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் ஹனிபா நானா. லயம் லயமாகப் புடவை கொண்டுபோய் விற்பவர்; மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கண்டி வீதியை விட்டு மலைப் பக்கம் திரும்பியதும் வளைவுகள் தொடங்கின. முதலில் மிளகுக் கொடியும் கொக்கோவும், பிறகு இறப்பர், அதற்கும் மேலே தேயிலை. ஒவ்வொரு வளைவிலும் என் வயிறு தனியாகத் திரும்பியது. விண்வெளிக்குப் போகிறவர்களைச் சுழலும் நாற்காலியில் உட்கார்த்திப் பழக்குவார்கள் என்று படித்திருக்கிறேன். தலையை ஆட்டாமல், ஒரே இடத்தைப் பார்த்திருந்தால் குமட்டல் குறையுமாம். நான் சாரதியின் தலைக்கு மேல் தொங்கிய பிள்ளையார் படத்தைப் பார்த்தபடி விறைத்து உட்கார்ந்தேன்.

"என்ன சேர், கழுத்துப் புடிச்சீக்கா?" என்றார் ஹனிபா நானா.

இல்லை, தலைசுற்று என்றேன். அவர் மூட்டையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்து, தோலைக் கிள்ளி மணக்கச் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரையும் பார்வதியின் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்தப் புள்ளயப் பாக்கவா போறீங்க? அல்லாஹ்ட காவல். அதக் கட்டிப் போட்டுல்லா வெச்சீக்காங்க."

"கட்டிப் போட்டா?"

"ஓ சேர். போன மாசம் நான் கண்ணால கண்டது. இடுப்புல கட்டி, தரையோட இழுத்துப் பூட்டி வெச்சீந்தாங்க. ராவுக்கும் கட்டில்லோட சேத்துக் கட்டுறாங்கண்டு பக்கத்துக் காம்பராவுல சென்னாங்க. உப்புப் போட்ட தேத்தண்ணி குடுக்குறாங்களாம். பேய் கீய் புடிச்சோ, புருசன்ட வேலையோ, நமக்கென்ன தெரியும். நான் புடவயக் காட்டாமலே வந்துட்டேன்."

தோடம்பழம் என் கையிலேயே இருந்தது. தலைசுற்று எங்கே போனது என்று தெரியவில்லை. நீண்ட நாள் படுத்துக் கிடந்தவர்களுக்குச் சில வேளை மனம் குழம்பிவிடும், நானே கண்டிருக்கிறேன். அதைப் பேய் என்று நினைத்துக் கட்டி வைத்துவிட்டார்களோ? வேலைக்குத் தகுதி என்று சொல்லச் சொல்லி என்னிடம் பணிவாக நின்ற மருதையின் முகத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். அதில் எதுவும் தெரியவில்லை. இரண்டு கிளினிக்குக்கு வராதபோதே நான் விசாரித்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் ஒவ்வொரு வளைவிலும் திரும்பி வந்தது.

ஒன்பது மணிக்கு எல்கடுவ. பஸ் நின்ற இடத்தில் நாலைந்து கடைகள், ஒரு தபாற்கந்தோர், காற்றில் ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் வாடை. மாத்தளையில் விட்டுவந்த வெயில் இங்கே இல்லை. மருதை காத்து நின்றார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் வருவதற்குள் மறைத்துவிடுவார்களோ என்று பயம். ஒரு மைலுக்குச் சற்று அதிகமாக, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். அவர் முன்னால் விரைவாகப் போனார். பின்னால் நான் மூச்சு வாங்கியபடி.

லயம் பத்துக் காம்பராக்கள் கொண்டது. நாலாவது கதவு திறந்திருந்தது. உள்ளே மங்கல் வெளிச்சத்துக்குக் கண் பழகியதும் நான் கண்டது இதுதான்: பார்வதி ஒரு தடித்த பலகையின் மேல் நின்றார். இடுப்பில், கொழுந்து பறிக்கும்போது முன்னால் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கு, நாலாக மடித்துப் பட்டியாக. அந்தப் பட்டியிலிருந்து லொறி டியூப் கிழித்த இரண்டு வார்கள் இருபுறமும் இறங்கிப் பலகையில் ஆணியடித்துப் பூட்டியிருந்தன. அவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். முழங்காலை ஒவ்வொருமுறை தூக்கும்போதும் இறப்பர் அவரைக் கீழே இழுத்தது. நெற்றி வியர்த்திருந்தது.

"வாங்க ஐயா! கொஞ்சம் இருங்க, பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்கள்ல."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் காம்பரா ராக்கம்மா, நாற்பது வயதிருக்கும், வாசலில் கையைக் கட்டி நின்று சிரித்தாள். "ரெண்டு மாசமா இந்தக் கூத்துத்தாங்க. லயத்துல இவளுக்கு ரொக்கட்டுக்காரின்னு பேரு வச்சாச்சு. புடவக்கார பாய் பாத்துட்டு ஓடுன ஓட்டம் இருக்கே!"

நடந்தது மெல்ல மெல்ல விளங்கியது. விண்வெளி வீரர்களைப் பற்றி வார்டில் நான் சொன்னதெல்லாம், கால் பலப்பட அவர் செய்ய வேண்டிய வைத்தியம் என்றே பார்வதி எடுத்துக்கொண்டிருந்தார். உதாரணம் சொல்கிறேன் என்று நான் நினைத்தேன். மருந்து சொல்கிறார் என்று அவர் நினைத்தார். ஊன்றுகோலோடு செய்யச் சொன்ன பயிற்சி ஒருபக்கம். அதோடு இதையும் ஒன்று விடாமல். மருதை கராஜில் பழைய டியூப் கேட்டு வாங்கினார். மூன்று வேளையும் ரொட்டி. பாண் வாங்குவதே இல்லை. காலையில் கட்டிலை விட்டு எழுமுன் உப்புப் போட்ட தேத்தண்ணி. தலைமுடி இறுக்கிக் கொண்டை.

"ராத்திரியில கட்டுறது எதுக்கு?" என்றேன்.

"நீங்கதானே ஐயா சொன்னீங்க, அவங்க கட்டிக்கிட்டுத்தான் தூங்குவாங்கன்னு" என்றார் மருதை. "ஒரு நாளும் விடலீங்க."

சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. வளைவு வளைவாக வயிற்றுக்குள் சேர்ந்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வெளியே போனது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல்.

ஆனாலும் அந்த வார்கள் எலும்புக்கு என்ன செய்திருக்கும் என்ற கவலை மீதியிருந்தது. கட்டை அவிழ்க்கச் சொல்லி நானே இடுப்பில் பூட்டிக்கொண்டு சிறிது நேரம் நடந்து பார்த்தேன். நேராகத்தான் இழுத்தது, முறுக்கவில்லை. கழற்றியதும் உடம்பு தானாக மேலெழுவதுபோல இருந்தது. என் ஐம்பது வயதில் விண்வெளிக்கு மிக அருகில் போனது அந்த லயத்துக் காம்பராவில்தான். பிறகு பார்வதியைப் படுக்க வைத்து, இரண்டு கால்களின் நீளத்தையும் தொடைகளின் சுற்றளவையும் அளந்தேன். நீளம் சமம். முறிந்த பக்கத்துத் தொடை மற்றதைவிட அரை அங்குலம்தான் மெலிவு. வார்டில் இருந்தபோது அது இரண்டு அங்குலத்துக்குமேல். அழுத்திப் பார்த்தேன், வலியில்லை. ஊன்றுகோல் இரண்டும் கூரைக் கம்பில் செருகிக் கிடந்தன.

"மழ காலத்துல வெளிய எங்க ஐயா நடக்கிறது? அதான் உள்ளயே நடந்தேன்" என்றார்.

இனி மலை. சுமை இல்லாமல் சமதரையில் நடப்பது வேறு. கூடையோடு சரிவில் இறங்குவது வேறு. தலையில் கயிறு போட்டு முதுகில் கூடை தொங்க, நான் கொண்டுவந்த கைத்தடியோடு பார்வதி முன்னால் போனார். ராக்கம்மா கூடைக்குள் விறகு போட்டிருந்தாள். மருதையும் நானும் பின்னால். படிகளில் தடுமாற்றம் இல்லை. முதல் சரிவிலும் இல்லை. அவர் விழுந்த கான் வந்தது. இரண்டடி அகலம்கூட இல்லை. குறுக்கே பாசி பிடித்த ஒரு கல். பார்வதி நின்றுவிட்டார்.

நாங்களும் நின்றோம். அவர் கைத்தடியால் பாசிக் கல்லை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"ரொக்கட்டு நின்னுருச்சு!" என்றாள் ராக்கம்மா பின்னாலிருந்து.

"சும்மா இருடி" என்றார் பார்வதி, திரும்பாமல். பிறகு என்னிடம், "ஐயா, அவங்க எறங்குனதும் தூக்கிக்கிட்டுப் போயி நாக்காலியில வைப்பாங்கன்னீங்க. அப்புறம்?"

"அப்புறம் தாங்களேதான் நடக்கவேணும். ஒருத்தரும் தூக்க மாட்டினம்."

"எப்படி நடப்பாங்க?"

"காலை அகட்டி வச்சு. தலையைச் சட்டெண்டு திருப்பாமல். போற இடத்தை மட்டும் பாத்து. பக்கத்தில ஆள் நிக்கும், கையைப் பிடிக்காது."

அவர் கைத்தடியைப் பார்த்தார். அதை என்னிடம் நீட்டினார். "ஒரு கையில தடிய வச்சிக்கிட்டு கொழுந்து ஆய முடியாதுங்க. திங்கக்கெழம இதக் கொண்டு போனா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு."

வாங்கிக்கொண்டேன். மருதை ஒரு அடி முன்னால் வந்தார். நான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன். பார்வதி காலை அகட்டி வைத்தார். எதிர்க்கரையில் ஒரு தேயிலைச் செடியைப் பார்த்தபடி, பாசிக் கல்லை விட்டு, கானுக்கு மேலாக முறிந்த காலைத்தான் முதலில் எடுத்து வைத்தார். முழு எடையும் அதில் இறங்கியது. கூடை ஒருமுறை ஆடி நின்றது. மற்றக் காலும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பக்கம் நின்று அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், தலையை மெதுவாகத் திருப்பி. பிறகு யாரும் சொல்லாமலே திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாம் முறை ராக்கம்மா, "போதும்டி, கானு தேஞ்சிரும்" என்றாள்.

காம்பராவில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தார்கள். சஞ்சிகையைப் பார்வதியிடம் கொடுத்தேன். இறப்பர் வார்களோடு பட்டையில் ஓடுபவரின் படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம கட்டுதான் இறுக்கம்" என்றார் மருதையிடம். ரொட்டியும் உப்புத் தேத்தண்ணியும் இனித் தேவையில்லை, ராத்திரியில் கட்டவே வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். திரும்பும் வழியில் தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சரைக் கண்டு, பார்வதி வேலைக்கு இறங்கலாம், ஒரு மாதத்துக்குச் செங்குத்தான மலை மட்டும் வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

பிற்பகல் பஸ் இறங்கும்போது காது அடைத்துத் திறந்தது. பிள்ளையார் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்து வந்தேன். நான் பிறந்த வடக்கில் நிலம் தட்டை. அங்கே விழுந்தவன் விழுந்த இடத்திலேயே எழுந்துவிடலாம். இங்கே விழுந்தால் அடுத்த நிரைவரை உருள வேண்டும். அதனால்தானோ என்னவோ இங்கே நிற்பதை இத்தனை சிரத்தையோடு பழகுகிறார்கள். போரால் மூடிய பாதை திறந்து ஊருக்கு நான் போகும் நாளில், என் கால்கள் அந்தத் தட்டை நிலத்தில் கொஞ்ச நேரம் தடுமாறக்கூடும். அகட்டி வைத்தால் சரியாகும். சோதனைச் சாவடியில் வேறு சிப்பாய்கள். பையில் அளவு நாடாவும் கைத்தடியும் சட்டையும் மட்டும் கண்டு உடனே விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வைத்தியசாலை வாசலில் மருதை நின்றார். சந்தைக்கு வந்த லொறி வீதியோரம் நின்றது.

"முழுப் பேரு போட்டுட்டாங்க ஐயா" என்றார். ஒரு நாள் முழுவதும் வேலை செய்ததாகக் கணக்கில் எழுதுவதைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். "மூனு தரம் கொழுந்து எட போட்டாங்க. மூனுக்கும் அவளே தூக்கிக்கிட்டு எறங்குனா. காம்பராவப் பத்தி இனிப் பேச்சில்ல."

நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"ஒன்னு மட்டும் கஷ்டமாப் போச்சுங்க" என்றார் மருதை, குரலைத் தாழ்த்தி. "ராவுல கட்ட வேணாம்னுட்டீங்கள்ல. சனியும் ஞாயிறும் அவ தூங்கவே இல்ல. கட்டாம படுத்தா பறந்துருவேனோன்னு இருக்குங்கறா."

"நேற்று?"

"நேத்து அவ படுற பாட்டப் பாக்க முடியாம, சரி, ஒரு நாளைக்கு லேசாக் கட்டிவிடலாம்னு பலகையில இருந்து றப்பரக் கழத்தி எடுத்துக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள தூங்கிட்டா ஐயா. படங்கக்கூட அவுக்கல. ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாத்தேன். அசையல, குறட்டதான் வந்துச்சு. கல்லு மாதிரி கெடந்தா."